சைக்கோவ்ஸ்கி முதல் ஷோஸ்டகோவிச் வரை: பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் கேட்டு ஒப்பிட ஒரு பயணத் திட்டம்

ரஷ்ய இசையமைப்பாளர்களில் யார் பெரியவர் என்ற விவாதம் ஹெட்ஃபோனில் தீராது. சைக்கோவ்ஸ்கியின் ஈர்ப்பு மெட்டில் இருக்கிறது, ரிம்ஸ்கி-கோர்சகோவுடையது வாத்தியங்களின் நிறத்தில், முஸோர்க்ஸ்கியுடையது மனிதக் குரலில், ரஹ்மானினோவுடையது பியானோவின் கனத்தில், ஷோஸ்டகோவிச்சுடையது இறுக்கத்தில். இதில் பாதி, சரியான அரங்கில் சரியான இருக்கையில் உட்கார்ந்தால்தான் காதுக்கு எட்டும். அதனால் முதலில் கச்சேரிப் பட்டியலைப் பாருங்கள், விமான டிக்கெட் அப்புறம்.

கச்சேரிப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஜூன் வரை நடக்கும். ஆகஸ்டில் போனால் முக்கிய ஆர்கெஸ்ட்ராக்கள் விடுமுறையில் இருக்கும், அருங்காட்சியகங்கள்தான் மிஞ்சும். அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இ-விசா உண்டு. பணம்தான் சிக்கல்: ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா (Visa), மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை. கச்சேரி டிக்கெட்டை இங்கிருந்தே இணையத்தில் வாங்க முயன்றால் பணம் கட்டும் கட்டத்தில் நின்றுபோவது இதனால்தான். கிழிசலோ கறையோ இல்லாத டாலர், யூரோ நோட்டுகளைக் கொண்டுபோய் வங்கியில் ரூபிளாக மாற்றி, அரங்கின் கவுன்டரிலேயே வாங்குங்கள்.

முதலில் பீட்டர்ஸ்பர்க். பில்ஹார்மோனியா என்ற கச்சேரி நிறுவனத்துக்கு இரண்டு அரங்குகள், இரண்டும் வேறு வேறு கட்டடங்கள். பெரிய அரங்கு மிஹைலோவ்ஸ்கயா தெருவில், சிறிய அரங்கு நெவ்ஸ்கி பிரதான சாலையில். ஒன்றுக்கு டிக்கெட் வைத்துக்கொண்டு மற்றதின் வாசலில் போய் நிற்பது சுலபம். குளிருக்குப் போடும் மேல்கோட்டைக் கார்டரோபில், அதாவது உடைகளை வைத்துக்கொள்ளும் இடத்தில், ஒப்படைத்தே ஆக வேண்டும். குளிர்காலத்தில் அங்கே வரிசை நீளும் என்பதால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

இந்தப் பெரிய அரங்கில்தான் 1893 அக்டோபர் 28 அன்று சைக்கோவ்ஸ்கி தன் ஆறாவது சிம்பொனியைத் தானே நடத்தினார். ஒன்பது நாளில் இறந்துபோனார். அதே அரங்கில் அந்த சிம்பொனி கிடைத்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு அதற்குப் போங்கள். இருபுறமும் நிற்கும் வெள்ளைத் தூண்களுக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் மலிவு, ஆனால் மேடை மறையும், ஒலியும் ஒருபக்கமாக வரும். கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் வாங்குங்கள். சிம்பொனியின் கடைசிப் பகுதியின் தொடக்க மெட்டை எந்த வயலின் குழுவும் தனியாக முழுதாக வாசிப்பதில்லை. முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரம் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு குழுக்களையும் மேடையின் இடதும் வலதுமாக எதிரெதிரே உட்காரவைப்பது இங்கே நடத்துநர் முராவின்ஸ்கி காலத்திலிருந்து வரும் பழக்கம். நடுவில் இருப்பவருக்கு அந்த மெட்டு இடமும் வலமும் அலைந்து அலைந்து இறங்கும். ஓரத்தில் இருப்பவருக்கு அது சாதாரண மெட்டு. பின்னால் அதே மெட்டு திரும்பும்போது முதல் வயலின்களே அதை முழுதாக எடுத்துக்கொள்கின்றன, அந்த வித்தியாசத்தையும் கவனியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் பகுதியின் நடுவில் இசை ஏறக்குறைய கேட்காத அளவுக்குத் தேய்ந்துபோகும். அங்கே பாசூன் என்ற குழல் வாத்தியத்தின் நாலு ஸ்வரங்களுக்கு ஆறு ‘பி’ (மெதுவாக வாசி என்ற குறி) எழுதியிருக்கிறார் சைக்கோவ்ஸ்கி, பல ஆர்கெஸ்ட்ராக்கள் அவற்றைப் பாஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுகின்றன. அடுத்த நொடி முழு ஆர்கெஸ்ட்ராவும் வெடிக்கும். சாக்லேட் உறையை அப்போது பிரிக்காதீர்கள். மூன்றாம் பகுதி பெரும் ஆரவாரத்தோடு முடியும், பலர் கச்சேரியே முடிந்துவிட்டதென்று கைதட்டிவிடுவார்கள். அடங்கியே முடிகிற நான்காம் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. நடத்துநர் கையை இறக்கும்வரை பொறுங்கள்.

மறுநாள் காலை அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடாலயம். அதே பெயர் கொண்ட மெட்ரோ நிலையத்திலிருந்து நடைதூரம். நுழைந்ததும் வலப்பக்கம் திக்வின் கல்லறைத் தோட்டம், இடப்பக்கம் லாசரெவ்ஸ்கோயே. நமக்கு வேண்டியது வலப்பக்கம், நுழைவுக் கட்டணம் உண்டு. கிளிங்கா, முஸோர்க்ஸ்கி, போரோதின், பலாகிரெவ், ரிம்ஸ்கி-கோர்சகோவ், சைக்கோவ்ஸ்கி எல்லோரும் சில நிமிட நடைக்குள் இருக்கிறார்கள். போரோதின் சிலைக்குப் பின்னால் பொன்னிற மொசைக்கில் அவருடைய இசைக்குறிப்புகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயே முணுமுணுத்துப் பார்க்கலாம். வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டு கிடைத்த நேரத்தில் இசை எழுதியவர் அவர், ‘இளவரசர் ஈகோர்’ ஓபராவை முடிக்காமலே 1887இல் போய்விட்டார்.

அதை முடித்துக் கொடுத்தவர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும். ரிம்ஸ்கி கடைசிப் பதினைந்து வருடம் வாழ்ந்த வீடு ஸாகரோத்னி சாலை 28இல், முற்றத்துக்குள் இருக்கிற கட்டடத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது, வளைவுக்குள் நுழைய வேண்டும். ரஷ்ய அருங்காட்சியகங்கள் வார விடுமுறை தவிர மாதக் கடைசியில் ஒருநாள் ‘சுத்தம் செய்யும் நாள்’ என்று மூடுவது வழக்கம், அதையும் பார்த்துக்கொண்டு போங்கள்.

ரிம்ஸ்கியையும் முஸோர்க்ஸ்கியையும் ஒப்பிட ‘போரிஸ் கொதுனோவ்’ ஓபரா போதும். முஸோர்க்ஸ்கியின் 1869 வடிவத்தில் ஏழு காட்சிகள், போலந்தில் நடக்கும் அங்கம் கிடையாது. முக்கியமான பெண் பாத்திரம் இல்லையென்று அரசு நாடகசாலைகள் அதைத் திருப்பி அனுப்பின. அவர் திருத்தி எழுதிய வடிவம் 1874இல் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி நாடகசாலையில் மேடையேறியது. அவர் இறந்தபின் ரிம்ஸ்கி முழுவதையும் மறுபடி வாத்திய அமைப்புச் செய்தார், பிற்காலத்தில் ஷோஸ்டகோவிச்சும் செய்தார். டிக்கெட் வாங்குமுன் எந்த வடிவம் என்று அறிவிப்பில் தேடுங்கள். இல்லாவிட்டால் நேரத்தைப் பாருங்கள்: போலந்து அங்கம் உள்ள வடிவம் நன்றாக நீளும். முடிசூட்டுக் காட்சியில் மணியோசைக்காக முஸோர்க்ஸ்கி இரண்டே கோர்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மாற்றி மாற்றி வைக்கிறார், கரடுமுரடாக, அடிவயிற்றில் அதிரும்படி. ரிம்ஸ்கியிடம் அதே மணிகள் மினுங்குகின்றன. அழகுதான், ஆனால் பயம் போய்விடுகிறது. என் கட்சி முஸோர்க்ஸ்கி.

அந்தக் காட்சியில் மக்கள் பாடும் ‘ஸ்லாவா’ ஒரு நாட்டுப்புற மெட்டு. அதையே ரிம்ஸ்கி ‘ஜாரின் மணப்பெண்’ ஓபராவில் வைத்தார், ரஹ்மானினோவ் நாலு கைப் பியானோத் துண்டுகளின் (ஓபஸ் 11) கடைசியில் வைத்தார். பயணத்துக்கு முன் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுப் போனால், ஒரே மெட்டில் மூன்று மனங்களைப் பார்க்கலாம்.

மாஸ்கோவுக்கு சப்சான் என்ற அதிவேக ரயிலில் சுமார் நாலு மணி நேரம். கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் வாசலில் வேரா முகினா செய்த சைக்கோவ்ஸ்கி சிலை. அதைச் சுற்றிய வெண்கலக் கிராதியில் அவருடைய ஆறு படைப்புகளின் ஸ்வரங்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன. ரஹ்மானினோவும் ஸ்க்ரியாபினும் 1892இல் இங்கேதான் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்கள். 1901இல் திறந்த பெரிய அரங்கில் ரஹ்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ கிடைத்தால் இடப்பக்கம் உட்காருங்கள், விரல்கள் தெரியும். முதல் எட்டு தாள அளவைகளில் (bars) பியானோ மட்டும், மணிபோல். அந்த கோர்டுகளை ஒரே பிடியில் பிடிக்கப் பெரிய கை வேண்டும், சிறிய கைக்காரர்கள் உடைத்து வாசிப்பார்கள். பிறகு மெட்டு தந்திகளுக்குப் போகிறது, பியானோ துணையாக அடியில் ஓடுகிறது. ஆர்கெஸ்ட்ரா ஓங்கிவிட்டால் அங்கே பியானோவே கேட்காது. நல்ல நடத்துநரை அந்த ஒரு நிமிடத்தில் அடையாளம் காணலாம்.

கிளின் நகரம் மாஸ்கோவின் லெனின்கிராத்ஸ்கி நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சப்சானை நம்பாதீர்கள், நிற்கும் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். சைக்கோவ்ஸ்கியின் கடைசி வீடு அது. ஆறாவது சிம்பொனியை எழுதிய பிர்ச் மர மேசை படுக்கையறை ஜன்னலோரம் இருக்கிறது, பூச்சில்லாத எளிய பலகை. போய்வர ஒரு முழுநாள் ஒதுக்குங்கள்.

ஸ்க்ரியாபினை அர்பாத்துக்கு அருகிலுள்ள அவர் வீட்டில் பாருங்கள். வட்டப் பலகையில் வண்ண பல்புகள் பொருத்திய அவருடைய ஒளிக்கருவி அங்கே இருக்கிறது. ‘பிரோமிதியஸ்’ இசையோடு நிறங்களும் மாற வேண்டும் என்று எண்ணியவர் அவர்.

நொவோதெவிச்சி என்ற பெயரில் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஒரு கல்லறை உண்டு. மாஸ்கோவில் உள்ளதற்கு ஸ்போர்ட்டிவ்னயா மெட்ரோவில் இறங்குங்கள். ஸ்க்ரியாபின், புரோகோஃபியெவ், ஷோஸ்டகோவிச் மூவரும் இங்கே. ஷோஸ்டகோவிச் கல்லில் நாலு ஸ்வரங்கள் செதுக்கியிருக்கிறது: டி, ஈ-ஃபிளாட், சி, பி. ஜெர்மன் முறையில் வாசித்தால் அவர் பெயரின் முதலெழுத்துகள். நாலு தந்தி வாத்தியங்களுக்கான அவருடைய எட்டாவது குவார்ட்டெட் இந்த நாலு ஸ்வரங்களில்தான் தொடங்குகிறது, செல்லோ தனியாக. முதல்முறை அவர் ஈர்க்கமாட்டார். மூன்றாம் முறை கேட்டபின் விடமாட்டார்.

ரஹ்மானினோவ் இங்கே இல்லை, நியூயார்க் அருகே புதைக்கப்பட்டார். அவரைத் தேடுகிறவர்கள் தாம்போவ் மாகாணத்து இவனோவ்காவுக்குப் போக வேண்டும். பழைய வீடு புரட்சிக்குப்பின் அழிந்தது, இப்போதிருப்பது மறுபடி கட்டியது. மே மாதத்தில் லைலாக் பூக்கும். மாஸ்கோவிலிருந்து இரவு ரயிலில் தாம்போவ், அங்கிருந்து சாலைவழி. போய்த் திரும்ப ஒரே நாள் போதாது, தாம்போவில் ஒரு இரவு தங்குவதற்கு முன்பே அறை பேசி வையுங்கள்.