'வராதாம்' எப்போது 'வராது' ஆகிறது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்தபோது, மருமகன் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, அந்த கேம் இனி வராதாம்" என்றான். இரண்டு வருடமாக அதற்கென்றே உண்டியலில் காசு சேர்ப்பவன், முகம் வாடிப்போயிருந்தது. யூரியூப் காணொளியின் முகப்பில் சிவப்பு அம்புக்குறி ஒன்றும், "வராது! எல்லாம் முடிந்தது!" என்ற பெரிய எழுத்துகளும் இருந்தன.

கேட்ட கதையைக் கேட்ட கதையாகவே சொல்வதற்குத் தமிழில் 'ஆம்' என்ற ஈறு இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தவறாமல் சேர்த்துச் சொன்னான். காணொளி செய்தவர் சேர்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

இருவருமாக அந்தச் செய்தியின் வேரைத் தேடிப் போனோம். காணொளி ஓர் ஆங்கில இணையத்தளத்தைக் காட்டியது. அங்கே 'உருவாக்கத்தில் சிக்கல் இருக்கலாம்' என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் கொடுத்திருந்த இணைப்பைத் திறந்தால், "ஏன் இத்தனை மாதமாக ஒரு தகவலும் இல்லை?" என்று யாரோ ஒரு ரசிகர் கேட்ட கேள்வி. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கதைகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரலில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் 'கொட்டாகு' என்ற விளையாட்டுச் செய்தித் தளத்தில் 'ஆன்தம்' என்ற வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், ஏறத்தாழ ஏழு வருடத் திட்டம் முடிவெடுக்க ஆளில்லாமல் இழுபட்டதும், கடைசி ஒன்றரை வருடத்துக்குள்தான் உண்மையான தயாரிப்பு நடந்ததும், வேலையின் அழுத்தத்தால் பலர் நோயுற்றதும் விவரமாக வந்தன. பேசியவர்களின் பெயர் அதிலும் இல்லை. உள்விவரங்களை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பெயரோடு பேசினால் வேலை போய்விடும். ஆனால் அவர் 19 பேரிடம் கேட்டிருந்தார், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்திருந்தார். அந்த விளையாட்டை உருவாக்கிய 'பயோவேர்' நிறுவனம் கட்டுரை வெளியான சில நிமிடங்களிலேயே மறுமொழி வெளியிட்டது. அதில்கூட அந்த விவரங்களைப் பொய்யென்று காட்ட எதுவும் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது 'கொன்கோர்ட்' என்ற இன்னொரு வீடியோ விளையாட்டைப் பற்றிய கதை. 2024 ஓகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டெம்பர் 6 அன்று சோனி நிறுத்திவிட்ட விளையாட்டு அது. தோல்வி உண்மை, அதை உருவாக்கிய 'ஃபயர்வோக்' நிறுவனமும் பிறகு மூடப்பட்டது. ஆனால் செலவு 40 கோடி டொலர் என்று உலகமெல்லாம் பரவிய தொகை, ஒலிபரப்பாளர் ஒருவர் தமக்கு ஒருவர் சொன்னதாகச் சொன்னது. அந்தத் தொகை மறுக்கவும் பட்டது. என்றாலும் மறுப்பைத் தலைப்பாக்கிய தமிழ்க் காணொளி எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தத் தொகையைப் போட்டு, வேலை இழந்தவர்களைக் கேலி செய்த காணொளிகளையோ நிறையப் பார்த்தேன். வருடக்கணக்கில் இரவுபகலாக உழைத்தவர்களின் துயரத்தை இப்படிக் காசாக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று பின்னேரமே அந்தக் காணொளியின் கீழே, "தம்பி, இந்தச் செய்தியின் மூலம் எது என்று தயவுசெய்து சொல்ல முடியுமா?" என்று எழுதினேன். இரவு மருமகன் அழைத்து, என் கேள்வியை நீக்கிவிட்டார்கள் என்று சொன்னான். "நீக்கிவிட்டார்களாமா, நீயே பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"நானே பார்த்தனான் மாமா" என்றான்.