வீடு நடந்து வந்ததா?

மகளுக்கு நான்கு வயது. 'எங்கள் குடும்பம்' என்று ஓர் அட்டை செய்து வரச் சொல்லியிருந்தார்கள். தாத்தா பிறந்தது சேலம் மாவட்டம், நான் பிறந்தது தருமபுரி மாவட்டம், அவள் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம் என்று எழுதினேன். மூவரும் வளர்ந்தது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரே வீட்டில்தான்! 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"வீடு நடந்து நடந்து வந்ததா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. திண்ணையோரம் கிடந்த திரிகையிடம் அழைத்துப்போனார். அவருடைய அம்மா கேழ்வரகு அரைத்த கல். மரப்பிடி ஒரு பக்கம் தேய்ந்து குழிந்திருக்கும். அந்தக் குழியில் அவள் கையைப் பொருத்தி, ஒரு பிடி கேழ்வரகு போட்டுச் சுற்றவைத்தார். நான்கு சுற்றில் மூச்சு வாங்கியது அவளுக்கு. மாவு ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. களி கிண்ட எங்கே போதும்?

அந்த மாவை அட்டையில் ஒட்டியே தீர வேண்டும் என்று அடம். சரி என்றேன். கடையில் விற்கிற குடும்ப மர ஸ்டிக்கருக்கு இது எவ்வளவோ மேல். பக்கத்திலேயே வீட்டையும் வரைந்திருக்கிறாள், இரண்டு கால்களோடு.