அம்மாவின் வேண்டுதலும், அமிர்தசரஸில் கேட்ட விட்டல நாமமும்

எனக்காக அம்மா வேண்டிக்கொண்ட வேண்டுதல் ஒன்று நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாக்கி நின்றது. தை பிறப்பதற்குள் முடித்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்க, மார்கழிக் குளிரில் அம்மா, நான், தம்பி மூன்று பேரும் அமிர்தசரஸ் கிளம்பினோம்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அமிர்தசரஸ் கன்டோன்மென்ட்டில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். எனக்கு விவரம் தெரியாத வயசு. காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை, ஊசி மருந்து எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தது, அம்மாவுக்கோ அந்த ஊரில் யாரையும் தெரியாது, பாஷையும் தெரியாது. பக்கத்து வீட்டு சர்தார் அம்மாள், அவரை இன்றைக்கும் அம்மா பீஜி என்றுதான் சொல்வாள், தினமும் சாயங்காலம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுக்மனி சாகிப் முழுவதையும் படிப்பாராம், சீக்கியர்கள் குருவாகவே வணங்குகிற கிரந்த் சாகிப் என்ற புனித நூலில் இருக்கிற நீண்ட பாட்டு அது. எட்டு எட்டுப் பாகமாக 24 அஷ்டபதி, ஒன்றைக்கூட விடமாட்டாராம். அம்மா ஒரு வார்த்தை புரியாமல் கைகூப்பிக்கொண்டு கூடவே இருப்பாள். காய்ச்சல் விட்டது. குழந்தை தன் காலால் நடந்து வந்து கிரந்த் சாகிப் முன்னால் நமஸ்காரம் பண்ணுவாள், நான் அங்கே அன்னதானச் சமையற்கூடமான லங்கரில் ரொட்டி தேய்க்கிறேன் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டது. அதற்குள் அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது, அப்புறம் பஞ்சாபில் நிலைமை கெட்டு 1984, அதன் பிறகு எங்கள் படிப்பு, கல்யாணம், கடைசியில் அப்பாவும் போய்விட்டார். அம்மா மட்டும் மறக்கவில்லை.

டெல்லியிலிருந்து ரயில் பனிமூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து நடுராத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர், நாங்கள் போட்டிருந்த அறை சரியில்லை, கோயிலை ஒட்டியே வேறு இடம் இருக்கிறது என்று சொல்லி எங்கெங்கோ சுற்றி ஒரு லாட்ஜ் வாசலில் இறக்க, அங்கிருந்து கோயிலுக்கு நடக்கவே முடியாத தூரம். அம்மாவின் முட்டிவலியோடு அந்த நேரத்தில் திரும்ப வண்டி பிடித்தது பெரும்பாடு. கோயில் தெருவிலும் விடமாட்டார்கள், வாகா பார்டர் வாகா பார்டர் என்று கையைப் பிடித்து இழுக்காத குறை, தலைத்துணி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று பயமுறுத்தி விற்பவர்கள் ஒரு பக்கம். போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், தலைத்துணி வாசலிலேயே கூடையில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இந்த ஆர்ப்பாட்டம் எல்லாம் வாசலோடு சரி. காலைக் கழுவிக்கொண்டு படி இறங்கியதும், எதிரே குளமும் நடுவில் பொற்கோயில் என்று நாம் சொல்கிற ஹர்மந்திர் சாகிப்பும். அதற்குப் பிறகு எங்கேயும் யாரும் எங்களிடம் பத்து ரூபாய் கேட்கவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கோயில் பாலத்துக்குப் போகிற தர்ஷனி தியோடி வாசல் வரிசையில் நின்றுவிட்டோம். அந்த நேரத்திலும் என்ன கூட்டம்! பளிங்குத் தரை பனிக்கட்டி மாதிரி, காலடியில் உணர்ச்சியே இல்லை, பாலத்தின் மேல் பின்னாலிருந்து ஒரே நெரிசல், ஃபோட்டோ எடுக்காதே என்று தொண்டு செய்கிற சேவாதார் சத்தம் போடப் போட எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா ஒரு கையால் என்னையும் ஒரு கையால் தம்பியையும் பிடித்துக்கொண்டு வாஹே குரு, வாஹே குரு என்று முணுமுணுத்தபடி நகர்ந்தாள், பீஜியிடம் கற்றுக்கொண்டது. ராத்திரி வைத்திருக்கிற அகால் தக்த் கட்டிடத்திலிருந்து பல்லக்கில் கிரந்த் சாகிப் வந்தபோது நரசிங்கா ஊதிய சத்தத்தில் கூட்டம் அப்படியே சுவரோடு ஒதுங்கி வழி விட்டது. தலையில் சுமந்து உள்ளே கொண்டுபோனார்கள்.

உள்ளே போனால், விதானத்துக்குக் கீழே, பட்டு ருமாலா போர்த்திய கிரந்த் சாகிப், பின்னால் கிரந்தம் வாசிக்கிற கிரந்தி வெண்சாமரம் வீசுகிறார், ஒரு பக்கம் ராகிகள் ஆசா ராகத்தில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். குரு அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு வேறு எப்படியும் தோன்றவில்லை. நான் தரையில் நெற்றி வைத்து விழுந்தேன், நாற்பது வருஷக் கடன். எழுந்திருக்க மனசே இல்லை, சலோ ஜி சலோ ஜி என்று தோளைத் தொட்டு நகர்த்தினார்கள். அம்மாவால் குனிய முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள். அதைப் பார்த்த ஒரு பெரியம்மாள், தன் பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இடம் பண்ணி அம்மாவை உட்கார வைத்துவிட்டார், நானும் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ராகிகள் அடுத்த பாட்டை எடுத்தார்கள். ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. ஈபை பீட்டல், ஊபை பீட்டல், பீட்டல் பின் சன்சார் நஹீ. அம்மா சடக்கென்று திரும்பி என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிகிற மாதிரி. "விட்டலன்டீ!" என்றாள். எங்கள் அம்மா கும்பகோணத்தில் பஜனை மண்டலியில் விட்டலன் மேல் மராத்தி அபங்கம் பாடி வளர்ந்தவள், விட்டல நாமத்தை யார் எந்த பாஷையில் சொன்னாலும் அவளுக்குத் தெரியாமல் போகாது. கடைசி அடியில் நாமா என்று பாடியவர் பெயர் முத்திரையாக வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். நாமதேவர்! பண்டரிபுரத்து நாமதேவர் பாடியதை பஞ்சாபில் விடியற்காலையில் குருவின் சன்னதியில் பாடுகிறார்கள். நான் பாட்டைக் கேட்டேனா அம்மாவைப் பார்த்தேனா தெரியவில்லை, எனக்கும் கண்ணீர்தான். பக்கத்துப் பெரியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அந்தப் பாட்டின் அர்த்தத்தை வெளியே குளத்தைச் சுற்றி வருகிற பரிக்ரமாவில் ஒரு பெரியவர் இந்தியில் சொன்னார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன், சுவாமிக்கு அபிஷேகம் பண்ண, ஆனால் அதில் ஏற்கெனவே லட்சக்கணக்கில் உயிர்கள் வாழ்கின்றன. பூ கட்டிக்கொண்டுவந்தேன், வண்டு முதலில் முகர்ந்துவிட்டது. பால் காய்ச்சிப் பாயசம் செய்தேன், கன்று முதலில் வாய் வைத்துவிட்டது. எதை வைத்து விட்டலனைப் பூஜிப்பேன்? இங்கும் விட்டலன், அங்கும் விட்டலன், விட்டலன் இல்லாமல் உலகமே இல்லை. கிரந்த் சாகிப்பில் 485-ஆம் பக்கம். இன்றைக்கு எந்த ஊர் குருத்வாராவுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இதே பாட்டுதான், மொத்தம் 1,430 பக்கம், எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரி.

நாமதேவர் மட்டும் இல்லை. காசி நெசவாளர் கபீர், செருப்பு தைத்த ரவிதாஸ், பாக்பட்டன் சூஃபி ஷேக் ஃபரீத், நாவிதர் சைன், குடியானவர் தன்னா என்று பக்தர்கள் மட்டும் 15 பேர், ஜெயதேவர் பாட்டும் இரண்டு இருக்கிறது. அந்த ஜெயதேவரின் கீதகோவிந்த அஷ்டபதி இல்லாமல் பஜனை தொடங்காத வீட்டுப் பெண்ணான அம்மாவுக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்! எந்த ஜாதி, எந்த மதம் என்று பார்க்காமல் அவர்கள் வாக்கையெல்லாம் குருமார்களின் வாக்கோடு ஒரே ஆசனத்தில் வைத்து, அதற்குச் சக்கரவர்த்தி மாதிரி சாமரம் வீசுகிறார்கள். ரவிதாஸை வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் அது, இங்கே அவர் வாக்குக்கு முன்னால் எல்லோரும் நெற்றியைத் தரையில் வைக்கிறோம்.

மறுநாள் ராம்சர் என்ற குளக்கரைக் குருத்வாராவுக்குப் போனோம். பொற்கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் அங்கே வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. ஏன் எல்லோரும் இதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எனக்கு ஆதங்கம். இந்தக் குளக்கரையில் உட்கார்ந்துதான் சீக்கியர்களின் ஐந்தாவது குரு அர்ஜன் தேவ் சொல்லச் சொல்ல பாய் குர்தாஸ் கிரந்தத்தை எழுதினார். குரு நானக் பெயரை வைத்து வேறு சிலர் பாட்டுக் கட்டிப் பரப்ப ஆரம்பித்திருந்தார்களாம், அசல் வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பழைய ஏடுகள் கோயிந்த்வால் என்ற ஊரில் பாபா மோகனிடம் இருந்தன. மூன்றாவது குரு அமர்தாஸின் பிள்ளை அவர், லேசில் தரமாட்டார். அனுப்பிய ஆட்கள் வெறுங்கையோடு திரும்ப, குருவே போய் அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே தெருவில் உட்கார்ந்து பாடினார், மனம் இளகி ஏடுகளைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். குருவாகப் பட்டம் ஏற்றவர், இன்னொருவர் வீட்டு வாசலில் புழுதியில் உட்கார்ந்து பாடியிருக்கிறார், அந்தச் சொல்லுக்காக.

எல்லாப் பாட்டையும் 30 ராகத்தில் அடுக்கி, 1604-ல் பணி முடிந்ததும் வயோதிகர் பாபா புட்டா தலையில் சுமக்க, குரு சாமரம் வீசியபடி வெறுங்காலோடு பின்னால் நடந்து ஹர்மந்திர் சாகிப்பில் கொண்டுபோய் வைத்தாராம். அன்றிரவு கிரந்தத்தை மேலே கட்டிலில் வைத்துத் தான் கீழே தரையில் படுத்தார் என்று அங்கே சொன்னார்கள். 1606-ல் லாகூரில் ஜஹாங்கீர் காலத்தில் குரு அர்ஜனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். இரண்டே வருஷம். நேரம் கடத்தியிருந்தால் இன்று நமக்கு என்ன இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சுக்மனியை அவர் பாடியதும் இந்தக் கரையில்தான் என்று அங்கிருந்த கிரந்தி சொன்னார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பீஜி எங்கள் வீட்டில் படித்தது இங்கிருந்துதானே வந்தது என்றாள். அன்று மத்தியானம் பெண்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து சுக்மனி படித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா அவர்களோடு முடிகிறவரை இருந்தாள், ஒவ்வொரு அஷ்டபதிக்கும் முன்னால் வருகிற சலோகம் என்ற குறும்பாட்டில் அவர்கள் குரல் கொஞ்சம் உயரும், அந்த இடத்தில் அம்மாவின் உதடும் அசைந்தது. எனக்கு நினைவே இல்லாத அந்தக் காய்ச்சல் நாட்களில் என் காதில் விழுந்தது இந்தச் சத்தம்தான். குரு அர்ஜன் கிரந்தத்தை முடிக்கும்போது சொல்கிறார், நீ செய்ததை நான் அறியவில்லை, என்னைத் தகுதியாக்கியவன் நீதான், எந்தக் குணமும் இல்லாத என்மேல் நீயாக இரங்கினாய் என்று. எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது குருவே, இதுதான் என் பிரார்த்தனையும்.

ராத்திரி சுகாசன். இதைப் பார்க்காமல் யாரும் திரும்பவேண்டாம். கிரந்த் சாகிப்பைப் பட்டில் சுற்றிப் பல்லக்கில் வைத்து, ரோஜா இதழ் தூவி, பன்னீர் தெளித்து, அகால் தக்த்தில் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு அடி தூரமாவது தோள் கொடுக்க ஆண்கள் முட்டி மோதுகிறார்கள். தம்பிக்கு எப்படியோ இடம் கிடைத்தது, இறங்கி வந்தவன் வெகுநேரம் பேசவே இல்லை. அம்மாவும் நானும் ஓரமாக நின்று பார்த்தோம். பெண்களுக்கும் அந்த பாக்கியம் கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை, குருவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசி நாள் லங்கர். ஒரு நாளைக்கு 50,000 பேருக்கு மேல் சாப்பிடுகிற இடம், ரொட்டிக்கு மிஷின்கூட இருக்கிறது, இருந்தாலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் தேய்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அம்மாவால் தரையில் உட்கார முடியாது என்றதும், எங்கிருந்தோ ஒரு மணைப்பலகை வந்தது. உருண்டையை எடுத்து, மாவில் புரட்டி, தட்டி, குழவியால் தேய்த்து... அம்மா வீட்டுப் பழக்கத்தில் மெல்லிசாகத் தேய்க்க, பக்கத்துப் பெண் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொஞ்சம் தடியாகத் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தாள். முழங்கை வரை மாவு. போதும் அம்மா, வா என்று தம்பி கூப்பிட்டபோதெல்லாம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். அந்த ரொட்டி யார் தட்டுக்குப் போனதோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். பீஜி எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாது, அவர் பெயரையும் சேர்த்து அர்தாஸ் என்ற பிரார்த்தனையைச் செய்யச் சொன்னாள்.

வேண்டுதல் முடிந்தது என்று நான் நினைத்தேன். ரயில் ஏறியதுமே அம்மா அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். பத்தாவது குரு கோவிந்த் சிங், தன் தந்தை தேக் பகதூரின் பாடல்களைத் தம்தமா சாகிப்பில் கிரந்தத்தோடு சேர்த்து, 1708-ல் மகாராஷ்டிரத்து நாந்தேடில் தன் கடைசி நாட்களில், இனி மனிதர் குரு இல்லை, கிரந்தமே குரு என்று பட்டம் கட்டினார் இல்லையா, அந்த இடத்து ஹஜூர் சாகிப் குருத்வாராவுக்குப் போகவேண்டுமாம். அங்கிருந்து நாமதேவர் பிறந்ததாகச் சொல்கிற நர்சி நாமதேவ் கிராமமும் பக்கம்தான், அப்படியே பண்டரிபுரமும் ஆயிற்று என்று கணக்குப் போட்டுவிட்டாள். ஆடி முடிந்ததும் கிளம்புகிறோம், முட்டிவலிக்கு வைத்தியரிடம் இப்போதே போக ஆரம்பித்தாகிவிட்டது. நாந்தேடில் தங்குவதற்கு குருத்வாரா யாத்ரி நிவாஸில் யாராவது அறை எடுத்திருந்தால் எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், இந்த முறை ஆட்டோக்காரரை நம்பி இறங்கப்போவதில்லை.