சிலையின் முதுகுப்புறம்

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கோயிலைப் பார்த்த பிறகுதான் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வருவார்கள். எனக்கு அந்த வரிசை ஒத்துவருவதில்லை. கோயிலைப் பார்த்துவிட்டு வந்தால், கலைக்கூடத்தில் உள்ள செப்புத்திருமேனிகள் எல்லாம் ஊரைவிட்டு வந்தவையாகத் தோன்றி, அந்த இரக்கமே கண்ணை மறைத்துவிடுகிறது. முதலில் பார்த்தால் அவற்றை வடிவமாகப் பார்க்க முடிகிறது. படம் வரைந்து பிழைக்கும் எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

நாயக்கர்கள் கட்டி மராத்தியர்கள் விரிவாக்கிய அரண்மனையில், 1951இல் தொடங்கப்பட்ட கூடம் இது. நான் அங்கே அதிக நேரம் நிற்பது திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவன் முன்னால். முதலாம் இராசராசன் காலத்தில், 1011இல் செய்தளிக்கப்பட்ட திருமேனி. வலக்கை முழங்கையில் மடிந்து, பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். காளை இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கையை வரைய முயலும்போதெல்லாம் காளையின் உயரமும் முதுகின் வளைவும் தாமாகவே தாளில் வந்துவிடுகின்றன. ஏனெனில் தோள், இடுப்பு, குறுக்காக வைத்த கால் என்று உடலின் எடை முழுவதும் அந்த இல்லாத காளையைக் கணக்கில் கொண்டுதான் பகிரப்பட்டிருக்கிறது. தலையில் கிரீடம் கிடையாது. சடையையே தலைப்பாகையாகச் சுற்றிப் பாம்புகளோடு முடிந்திருக்கிறார் சிற்பி. அந்தச் சுற்றுகளின் விளிம்புகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. இந்தத் திருமேனி பல காலம் மண்ணுக்குள் கிடந்து 1950களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இடைவிடாமல் திருமஞ்சனம் கண்டு துலக்கப்பட்ட பல திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கிப்போயிருக்கும். புதைந்தவற்றில், வார்ப்பதற்கு முன் சிற்பி மெழுகு உருவில் இழுத்த கோடு அப்படியே தங்கிவிடுகிறது.

சுற்றிவந்து பார்க்க இடமுள்ள திருமேனிகளில் முதுகுப்புறத்தைப் பார்க்காமல் நான் நகர்வதில்லை. முதுகுத்தண்டின் மெல்லிய பள்ளம், தோளில் விழும் சடைக் கற்றைகள், பிடரிக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரம் என்னும் வட்ட அணி, இடையாடையின் முடிச்சு, இவை எதிலும் அலட்சியம் தெரியாது. ஆனால் இவை திருவிழாவில் புறப்பாடு காண்பதற்காக வார்க்கப்பட்டவை. பட்டும் மாலையும் நகையும் சாத்தித் தீவட்டி வெளிச்சத்தில் வீதிவலம் வரும்போது முகமும் கைகளும் தவிர எதுவும் வெளியே தெரிந்திருக்காது. அப்படியிருந்தும் மறையப்போகும் இடத்துக்கு அத்தனை உழைப்பு! கோயிலில் சாதாரணமாகக் காணக் கிடைக்காத இந்தப் பின்புறத்தைக் கலைக்கூடம் காட்டுகிறது. அருங்காட்சியகம் என்றாலே சிலைகளின் சிறைதான் என்று பேசும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. அசையும் ஒளிக்காகச் செய்த ஒன்றை அசையாத மின்விளக்கின் கீழ் நிறுத்தியிருக்கிறோம்.

அதே அரண்மனையில் நாயக்கர் தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோஜி மன்னரின் வெண்பளிங்குச் சிலை கைகூப்பி நிற்கிறது. செய்தவர் இந்தியாவுக்கு வராத ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். கைத்திறன் குறைவில்லாதது, ஆனால் என்னை நிறுத்திவைப்பதில்லை. அவருடைய வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் சிவகங்கைப் பூங்கா அருகில் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போவது நல்லது. சரபோஜிக்கு வழிகாட்டியாக இருந்து 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் பாதிரியாரின் மரணப்படுக்கையருகே சரபோஜி நிற்பதை அங்கே பளிங்குப் புடைப்புச் சிற்பமாக அமைத்திருக்கிறார். ஃபிளாக்ஸ்மனின் பலம் கோடு. தனிச்சிலையில் அடங்கிப்போன அது, சுவரோடு ஒட்டிய புடைப்பில் நன்றாகப் பேசுகிறது.

பெரிய கோயிலுக்கு மாலையில் போவேன். 1010இல் நிறைவுற்ற அக்கோயிலில் எனக்கு மிகவும் வேண்டியது, நான் உள்ளே போக முடியாத இடம்: கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் இருண்ட திருச்சுற்று. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தியதால், மேலடுக்கும் பிழைத்தது, அடியில் இருந்ததும் வெளிவந்தது. இந்த வேலையைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு பேசியதாகவே தெரியவில்லை. மேல்தளத்தின் உட்சுற்றில் சிவன் ஆடும் கரணங்கள் என்னும் நடன நிலைகள் 108இல் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மற்றவற்றுக்கான கற்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. அதுவும் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை.

மூச்சுக்காற்றின் ஈரமும் கைபடுவதும் சுண்ணப்பூச்சுக்கு எதிரிகள். திருச்சுற்றை மூடிவைத்திருப்பது சரியே. வளாகத்திலுள்ள காட்சிக்கூடத்தில் சுந்தரர் கயிலைக்குப் புறப்படும் காட்சியையும் முப்புரம் எரித்த சிவனான திரிபுராந்தகரையும் படங்களாகப் பார்க்கலாம். குறை என்னவென்றால், அந்தப் படங்களை நாம் வசதியாகப் பின்னுக்கு நகர்ந்து நின்று முழுவதுமாகப் பார்க்கிறோம். குறுகலான அந்தச் சுற்றில் அதற்கு இடமே இல்லை. திரிபுராந்தகரின் முகத்தைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும், விளக்கை நகர்த்த வேண்டும், ஒரு பகுதியைப் பார்க்கும்போது மற்றது இருட்டுக்குள் போய்விடும். தீட்டியவர்களும் இந்த நெருக்கத்தில் நின்றுதான் காவியையும் மஞ்சளையும் குழைத்திருப்பார்கள். தாங்கள் தீட்டியதை முழுமையாக ஒரே பார்வையில் அவர்களே பார்த்திருக்க முடியாது.

ஆகவே என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கோயிலுக்கு வெளியே, அதே அகலமும் உயரமும் கொண்ட ஒரு சுற்றைக் கட்டி, சுண்ணப்பூச்சிட்டு, கும்பகோணம், சென்னைக் கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்களைக் கொண்டு மண்வண்ணங்களால் முழு அளவில் படியெடுக்கச் செய்யலாம். மேலே விளக்குத் தொடர் எதுவும் வேண்டாம். உள்ளே போகிறவர் கையில் ஒரு சிறு விளக்கைக் கொடுத்தனுப்பினால் போதும். செலவாகும்தான். ஆனால் படியெடுக்கும் மாணவர்களுக்கு அந்த ஒரு வேலையே பல ஆண்டுப் பாடத்துக்குச் சமம். பார்க்க வருகிறவர்களுக்கும் மூலத்துக்கு ஊறு செய்யாமல் அதன் நெருக்கம் கிடைக்கும்.