சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய விளையாட்டுப் பொறி: மின்தேக்கிகளை மாற்றிய அனுபவம்

தோட்டத்துச் சாலை முனையில் மாமா நடத்திய மளிகைக் கடையின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த, காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறியைச் சென்ற மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கேப்காம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதில் இருக்கிறது. சம்பள நாள் மாலைகளில் லயத்துப் பிள்ளைகளோடு நானும் வரிசையில் நின்ற பொறி அது. அதை உதிரிப் பாகங்களுக்காகப் பிரித்து விற்க எனக்கு மனம் வரவில்லை.

இயக்கினால் படம் தெளிவாக வரும். மூன்று நிமிடங்களுக்குள் ஆட்டம் அறுந்து தொடக்கத் திரைக்குத் திரும்பிவிடும். முன்பு பார்த்த இருவரும் ஆட்டப் பலகை (ஆட்டத்தின் சில்லுகள் உள்ள மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்கள். பலகையைத் தொடுவதற்கு முன், பலகையைப் பொறியோடு இணைக்கும் ஜம்மா இணைப்பியில் 5 வோல்ட் வரும் 3, 4 ஆம் முனைகளில் அளந்தேன். 4.68 வோல்ட்தான் இருந்தது. அந்தக் காலத்துச் சில்லுகளுக்கு 4.75-க்குக் குறையாமல் வேண்டும். மின்வழங்கியில் உள்ள திருகைத் திருப்பி அழுத்தத்தை உயர்த்திய பிறகும் ஆட்டம் அறுந்ததால், அந்த மின்னழுத்தம் சீராக நில்லாமல் ஏறி இறங்கும் அலைவு கலந்திருக்கிறது என்று ஊகித்தேன். நண்பரின் அலைகாட்டியில் அந்த அலைவு 280 மில்லிவோல்ட்டாகத் தெரிந்தது. மின்னைத் தேக்கிக் கொடுத்து அதை அடக்குவது மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகளின் வேலை.

மின்வழங்கியைத் திறப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நம் வீட்டு 240 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே ஏறக்குறைய 340 வோல்ட் நேர்மின்சாரமாகி இரண்டு பெரிய மின்தேக்கிகளில் தேங்கி நிற்கிறது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அது உயிரைப் பறிக்கக் கூடியது. 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளில் பிணைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வடியவிட்டு, அளவி 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே கை வைத்தேன்.

5 வோல்ட் பக்கத்தில் இருந்த 2200 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டின் தலை உப்பியிருந்தது. கழற்றும்போது மீன் வாடை அடித்தது. அவற்றைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டதாக எண்ணினேன். ஆனால் சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டை ஒட்டி நின்ற, பார்வைக்குப் புதிது போலிருந்த 47 மைக்ரோஃபாரட் குட்டி மின்தேக்கியின் உள்தடை 18 ஓம் காட்டியது. புதியதில் அது 1 ஓமுக்கும் குறைவு. உள்ளிருக்கும் மின்பகுதிரவம் அடியில் உள்ள ரப்பர் அடைப்பின் வழியாகச் சிறுகச் சிறுக வெளியேறி உலர்கிறது; வெப்பம் 10 பாகை உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. தகரக் கூரையின் நடுப்பகல் சூட்டில், கொதிக்கும் தகட்டின் அருகே, கொஞ்சமே திரவம் கொண்ட சிறிய மின்தேக்கி முதலில் வறண்டதில் வியப்பில்லை. ஆகவே உப்பியதை மட்டும் மாற்றுவது போதாது என்பது என் உறுதியான கருத்து.

ஈப்போவில் 105 பாகை தாங்கும், உள்தடை குறைந்த வகையாகப் பார்த்து எல்லா மின்பகுதிரவ மின்தேக்கிகளுக்கும் மாற்று வாங்கினேன். கொள்ளளவை மாற்றவில்லை, 10 வோல்ட் இருந்த இடத்தில் மட்டும் 16 வோல்ட் தாங்குவதை வைத்தேன். மின்தேக்கியின் மேல் உள்ள எதிர்முனைக் கோட்டைப் பலகையின் குறியோடு இருமுறை ஒப்பிட்ட பிறகே பற்றவைத்தேன்.

முதல் இயக்கத்தை ஆட்டப் பலகை இல்லாமலே செய்தேன். மின்கம்பியில் தொடராக 60 வாட் இழைக் குமிழையும், 5 வோல்ட் முனையில் சுமையாகக் காரின் 21 வாட் குமிழையும் இணைத்தேன். சுமை இல்லாமல் இத்தகைய மின்வழங்கி காட்டும் அளவை நம்ப முடியாது. தொடர்க் குமிழ் ஒருமுறை மின்னி மங்கியது; உள்ளே குறுக்குச்சுற்று இருந்திருந்தால் அது மங்காமல் எரிந்திருக்கும். பின்னர் பலகையை இணைத்து, அதன் முனையிலேயே அளந்து 5.03 வோல்ட்டுக்குத் திருகை நிறுத்தினேன். அலைவு 40 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியிருந்தது.

நேற்று மாமா வந்து நான்கு மணி நேரம் அருகில் அமர்ந்திருந்தார். ஆட்டம் ஒருமுறையும் அறுபடவில்லை. திரையின் வலது ஓரம் மட்டும் இன்னும் சற்று வளைகிறது. படக்குழாய்ப் பலகையின் மின்தேக்கிகளுக்கான பட்டியலை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மீண்டும் ஈப்போவுக்குப் போகிறேன்.