ஒரு ‘எஸ்’ பறித்த மூன்று மதிப்பெண்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வுக்குத் தயாரான நாட்களில் வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். கேட்டல் பகுதி, 40 கேள்விகள். திருத்திப் பார்த்தால் ஏழு தவறு. அந்த ஏழில் மூன்று, சொல்லைச் சரியாகக் காதில் வாங்கியும் கோட்டை விட்டவை. ‘டிக்கெட்ஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘டிக்கெட்’. ‘கார்டன்’ வர வேண்டிய இடத்தில் ‘கார்டன்ஸ்’. மூன்றாவதில் ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று நீட்டி முழக்கியிருந்தேன். அந்தச் சொல் பன்மையே எடுக்காது. இந்தத் தேர்வில் ஒருமை பன்மை மாறினால் பாதி மதிப்பெண் என்றெல்லாம் இரக்கம் கிடையாது, விடை தவறு, அவ்வளவுதான்.

ஒருமை பன்மையைச் சின்ன வகுப்பிலேயே முடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. அன்றுதான் பழைய கட்டுரைகளை எடுத்து, சிவப்புப் பேனாவால் பெயர்ச்சொற்களை மட்டும் சுழித்துக்கொண்டே போனேன். என் தவறுகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. வர வேண்டிய ‘எஸ்’ வராதது ஒன்று, வரக் கூடாத ‘எஸ்’ வந்து ஒட்டிக்கொண்டது இன்னொன்று.

இரண்டுக்கும் வேர் நம் தமிழில் இருக்கிறது. ‘இரண்டு புத்தகம் வாங்கினேன்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எண் முன்னால் வந்துவிட்டால் ‘கள்’ நமக்கு அவசியமே இல்லை. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டுமே சரி; பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் ‘த்ரீ புக்’ என்று வாய் நழுவுகிறது. இன்னொரு பக்கம், தகவல்கள், அறிவுரைகள், ஆராய்ச்சிகள், வீட்டுப்பாடங்கள் என்று தமிழில் தாராளமாகக் ‘கள்’ சேர்க்கிறோம். அதே கையோடு ஆங்கிலம் எழுதினால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘ஹோம்வொர்க்ஸ்’ என்று வந்து விழும். உங்கள் தவறு எந்த வகை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். என்னுடையது முக்கால்வாசி இரண்டாம் வகை.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: எண்ண முடியாத பெயர்ச்சொற்கள், அதாவது பன்மை ‘எஸ்’ ஏற்காதவை, ஐம்பதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிட்டது. ‘கண்ணால் பார்த்து எண்ண முடியாதது’ என்ற விளக்கமும் தண்ணீர், மணல், காற்று வரைக்கும்தான் ஓடியது. நாற்காலி மேசையை எண்ண முடியாதா? பிறகு ஏன் ‘ஃபர்னிச்சர்’ எண்ண முடியாத பெயர்? பணத்தை எண்ணத்தானே செய்கிறோம், ‘மணி’ ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது? இந்தக் கேள்வி நெடுநாள் குடைந்தது. யோசித்தால், நாம் எண்ணுவது நோட்டையும் நாணயத்தையும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் தனிச் சொற்கள் இருக்கின்றன, அவை எண்ணக்கூடியவை. ‘மணி’ என்பது மொத்தத்துக்கான பெயர். எண்ண முடியுமா முடியாதா என்பதைப் பொருளைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, சொல்லைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு அப்புறம் ஐம்பது சொல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஜோடி ஜோடியாக எழுத ஆரம்பித்தேன். நோட்டின் இடது பக்கம் எண்ண முடியாதது, வலது பக்கம் அதன் எண்ணக்கூடிய பங்காளி. லக்கேஜ் – சூட்கேஸ். வொர்க் – ஜாப். டிராவல் – டிரிப். அட்வைஸ் – சஜஷன். இன்ஃபர்மேஷன் – ஃபேக்ட். எக்விப்மென்ட் – மெஷின். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே, என் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததை வைத்து ஒரு வாக்கியம்: ‘ஐ ஹேட் எ லாட் ஆஃப் லக்கேஜ், த்ரீ சூட்கேசஸ் அண்ட் எ பேக்பேக்.’ ஒரே வாக்கியத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் தானாகப் பதிகிறது. அறிவுரையை எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. ‘எஸ்’ ஏறுவது பீஸ் மேல்தான், அட்வைஸ் மேல் ஏறாது.

சந்தேகம் வந்தால் கற்போருக்கான அகராதியைத் திறங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ என்றோ ‘யூ’ என்றோ ஓர் எழுத்து இருக்கும். எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்பதற்கான குறி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளிவந்த தன் அகராதியிலேயே இந்தக் குறிகளைச் சேர்த்துவிட்டார். ஜப்பானியரும் நம்மைப் போலத்தான், பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கட்டாயமில்லாத மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள். இந்தக் குறியைக் கவனிக்காமல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடுவது, நான் பல வருடம் செய்த முட்டாள்தனம்.

சில சொற்களுக்குப் பக்கத்தில் இரண்டு குறியும் இருக்கும். அங்கேதான் சுவாரசியம். ‘பேப்பர்’ என்றால் காகிதம், ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாளோ ஆய்வுக்கட்டுரையோ. ‘கிளாஸ்’ கண்ணாடி, ‘எ கிளாஸ்’ குடிக்கிற தம்ளர். ‘ஐ ஹேவ் எ லாட் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் தொழிலில் கை தேர்ந்தவர். ‘ஐ ஹேட் மெனி எக்ஸ்பீரியன்சஸ்’ என்றால் பல சம்பவங்களைப் பார்த்தவர். வேலைக்கான நேர்காணலில் முதலாவதைச் சொல்ல நினைத்து இரண்டாவதைச் சொன்னால், எதிரே இருப்பவர் கதை கேட்கத் தயாராகிவிடுவார்.

விதிவிலக்குப் பன்மைகளுக்கு நான் அதிக நேரம் செலவிடவில்லை. சில்ட்ரன், டீத், மைஸ் எல்லாம் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. கட்டுரையில் அடிக்கடி வரும் ‘கிரைட்டீரியன் – கிரைட்டீரியா’, ‘ஃபினாமினன் – ஃபினாமினா’ இரண்டையும் மட்டும் பார்த்துவைத்தால் போதும். வினைச்சொல்லில்தான் உண்மையான வழுக்கல். ‘நியூஸ்’ முடிவில் எஸ் இருந்தும் ‘இஸ்’ கேட்கும், ‘போலீஸ்’ எஸ்ஸே ஏறாமல் ‘ஆர்’ கேட்கும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்’ என்பதில் நண்பர்கள் பன்மை, வினை ஒருமை. இது மட்டும் எனக்கு வாயில் உட்கார ஒரு மாதம் ஆயிற்று.

கேட்டல் பகுதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒலிப்பதிவு தொடங்கும் முன், கிடைக்கிற நேரத்தில், காலியிடத்தின் முன்னும் பின்னும் பாருங்கள். முன்னால் ‘எ’ இருந்தால் பெரும்பாலும் ஒருமை. ‘மெனி’, ‘செவரல்’ அல்லது எண் இருந்தால் பன்மை. ‘மச்’ இருந்தால் எண்ண முடியாதது, எஸ் வராது. பின்னால் ‘ஆர்’ இருந்தால் பன்மை. காலியிடத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன எஸ்ஸோ பெருக்கல் குறியோ போட்டுவைப்பேன். காது சொல்லைப் பிடிக்கும், குறி எஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும்.

எழுத்துப் பகுதியில் கடைசி மூன்று நிமிடத்தைப் பெயர்ச்சொற்களுக்கென்றே ஒதுக்குங்கள். கருத்து, நடை எதையும் பார்க்காமல் ஒவ்வொரு பெயர்ச்சொல் மீதும் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். எண்ணக்கூடிய ஒருமைச் சொல் ஆங்கிலத்தில் பொதுவாகத் தனியாக நிற்காது. ‘எ’, ‘தி’, ‘மை’ என ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டும். ‘ஐ பாட் புக்’ என்று நாம் எழுதுவது, தமிழில் ‘புத்தகம் வாங்கினேன்’ என்பது முழு வாக்கியம் என்பதால்தான். விரல் வைத்துப் பார்க்கும்போது இப்படிப்பட்ட அநாதைச் சொற்கள் பளிச்சென்று தெரியும். முதல் வாரம் ஒரு கட்டுரைக்குப் பதினொன்று பிடித்தேன், ஆறாவது வாரம் இரண்டு.

அசல் தேர்வன்றும் அப்படித்தான் விரல் ஓட்டினேன். நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, இரண்டாவது பத்தியில் ‘ரிசர்ச்சஸ்’ என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. அவசரமாக அழித்தேன்.