பக்கத்து வீட்டு மச்சும் எங்கள் ரெண்டாங்கட்டு ஜன்னலும்

பக்கத்து வீட்டில் எழும்பும் சுவர் நம் ஜன்னலை மறைத்தால் முறையிட வேண்டிய இடங்கள் கட்டட அனுமதி அலுவலகம், நீதிமன்றம் என இரண்டு என்பதும், ஒவ்வோர் இடத்தில் இருப்பவரும் மற்ற இடத்தையே கைகாட்டி அனுப்பிவிடுவார் என்பதும் தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில் அலைந்து தெரிந்துகொண்டவை. தகராறு தீர்ந்துவிட்டது, எரிச்சல்தான் தீரவில்லை.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டி, முன்பக்கத் தார்சா, கூடமாகிய பட்டாசால், அதற்கடுத்த உள்கட்டாகிய ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று நீளவாக்கில் போகும். ரெண்டாங்கட்டில் தெற்குப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல் உண்டு. அதன் கீழே தட்டை மடியில் வைத்து அம்மா பீடி சுற்றுவாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி பின்பக்கத்து ஓட்டுச் சாய்ப்பைப் பிரித்துவிட்டு மச்சு என்கிற மாடியோடு புதுக்கட்டு எடுக்கத் தொடங்கினார்; சுவர் எங்கள் ஜன்னலுக்குச் சாண் தூரத்தில் எழும்பியது. கேட்டபோது, "பிளான் பாஸ் ஆயிட்டு தம்பி, நம்ம எடத்துலதான கட்டுதோம்" என்றார்.

கட்டட அனுமதி வழங்கும் அலுவலகத்திற்கு மனுவோடு போனேன். எழுத்தர் முதல் வரியைப் படித்துவிட்டு, "வெளிச்சம்லாம் சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று தாளைத் திருப்பித் தந்தார். விடாமல் நின்றபோது, "உங்க சுவரே எல்லையிலதான நிக்கி, நீங்க எங்க எடம் விட்டிய?" என்ற கேள்வி வந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம், உயரம், தளப்பரப்பு ஆகியவற்றைப் பேசுகின்றனவே ஒழிய, அடுத்த வீட்டு ஜன்னலுக்கு இன்ன அளவு வெளிச்சம் என்று யாருக்கும் உறுதி தருவதில்லை. ஆனால் அங்கீகரித்த வரைபடத்தை மீறி ஒருவர் கட்டினால் அதை நிறுத்துவதும் அகற்றச் சொல்வதும் முழுக்க அவர்கள் வேலை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57-ஆம் பிரிவுகள் அதற்கென்றே இருக்கின்றன. ஆகவே அந்த அலுவலகத்திற்குக் கொடுக்கும் மனுவில் வெளிச்சம் என்ற சொல்லையே எழுதாதீர்கள். பக்கவாட்டு இடைவெளி விடப்படவில்லை என்று மட்டும் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இடைவெளி விடவில்லை என்று சொல்ல அவருடைய வரைபடம் வேண்டுமே! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகல் கேட்டேன். 30 நாள் கெடு முடியும் தறுவாயில், மூன்றாம் நபர் தகவல் என்பதால் தர இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. 11-ஆம் பிரிவின்படி அந்த மூன்றாம் நபருக்கு அறிவிப்பு அனுப்பிக் கருத்துக் கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அதையே காரணமாகக் காட்டி 19-ஆம் பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு செய்த பிறகுதான் நகல் கைக்கு வந்தது. அண்ணாச்சி அங்கீகாரம் வாங்கிய வரைபடத்தில் எங்கள் பக்கம் ஒரு மீட்டர் இடம் தெளிவாக விடப்பட்டிருந்தது. தரையில் அது காணாமல் போயிருந்தது. அந்தத் தாளைப் பார்த்த அன்று அடைந்த சந்தோஷத்தை மறைப்பானேன்.

இதற்குள் சுவர் ஜன்னலின் மேற்சட்டத்தைத் தாண்டிவிட்டது. தகவல் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வெளிச்சத்துக்கான உரிமை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு ஜன்னல் வழியே வெளிச்சமும் காற்றும் 20 ஆண்டு தடையின்றி, சச்சரவின்றி, உரிமையாக அனுபவிக்கப்பட்டிருந்தால் அது முழு உரிமையாகிறது என்கிறது 15-ஆம் பிரிவு. அந்த 20 ஆண்டும் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிய வேண்டும். இன்னொரு கண்ணியும் உண்டு: தடை எழுந்ததும் எழுப்பியவர் யார் என்பதும் தெரிந்த பின்னர் ஓராண்டு அதைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டால் அனுபவம் அறுபட்டதாகக் கணக்கு. எனவே ஆட்சேபணையை அன்றன்றே எழுதி, அத்தாட்சி கிடைக்கும் அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். வாய்ச் சண்டை எத்தனை நடந்தாலும் பின்னால் நிரூபிப்பது கடினம்.

ஜன்னல் 20 ஆண்டுக்கு மேற்பட்டது என்று காட்டுவதில்தான் நாங்கள் திண்டாடினோம். சொத்து வரி ரசீதில் ஜன்னல் கிடையாது, பத்திரத்தில் நான்கு எல்லைதான் இருக்கிறது, அப்பா காலத்து வரைபடத்தைக் கறையான் தின்றுவிட்டது. கடைசியில் கைகொடுத்தது அக்கா கல்யாண ஆல்பம். பெண் அழைப்புக்கு முன் ரெண்டாங்கட்டில் எடுத்த படத்தில் அவள் தலைக்குப் பின்னால் ஜன்னல் முழுசாகத் தெரிகிறது; பின்புறம் 1999 என்று ஸ்டூடியோ முத்திரை. பழைய படங்களில் முகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இனிமேல் சுவரையும் பார்த்து வையுங்கள்.

வீடு அம்மா பெயரில் இருந்ததும் நல்லதாயிற்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதை யாரும் சொல்லாததால் ஒரு பயணம் வெயிலில் வீணானது. மற்றபடி அந்தச் சட்ட உதவியில் நல்ல வழக்கறிஞர் அமைந்தார். ஜன்னல் இருட்டிவிட்டது என்பது மட்டும் போதாது, 33-ஆம் பிரிவின்படி உடல் வசதிக்குக் கணிசமான இடைஞ்சலோ, வழக்கமாகச் செய்து வந்த தொழிலுக்குக் குறையோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அவர் விளக்கியதும், அம்மா பீடிக்கடைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். இருட்டில் இலை வெட்டிச் சுற்றியதில் கடையில் கழித்துப் போட்டது கூடியிருந்ததும், கொடுத்த கட்டு குறைந்திருந்ததும் வாரவாரியாக அதில் இருந்தன. வழக்கறிஞர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வழக்குக்கு முந்தைய மனுவாகவே மக்கள் நீதிமன்றத்தில் பேச்சு நடந்தது. அங்கீகரித்த வரைபடத்தின் நகலை மேசையில் வைத்த பிறகு அண்ணாச்சி அதிகம் வாதாடவில்லை. மேல்தளக் கான்கிரீட் போடுவதற்கு முன் அந்தச் சுவரை எடுத்து உள்ளே தள்ளிக் கட்ட ஒப்புக்கொண்டார். செலவில் ஒரு பங்கு எங்கள் தலையில் விழுந்ததில் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. அம்மாதான், "பக்கத்துல இருக்கவுக முகத்துல முழிக்கணும்லா" என்று முடித்துவிட்டாள். மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படியுங்கள். முதலில் எழுதிய வரைவில் 'ஒரு மீட்டர் இடைவெளி' என்று மட்டும் இருந்தது. தரையில் இடம் விட்டுவிட்டு மேலே சன்ஷேடையும் தண்ணீர்த் தொட்டியையும் நீட்டிக்கொள்ள அது இடம் கொடுக்கும் என்று தோன்றியதால், 'தரை முதல் வானம் வரை எந்த நீட்சியும் இன்றி' என்று சேர்க்கச் சொன்னேன். போன வாரம் அண்ணாச்சி மச்சின் மேல் இன்னொரு தளம் எடுப்பதைப் பற்றிக் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த வரியில் கோடிட்ட நகல் ஒன்றை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.